கோரை சாகாது, மண்தான் சாகும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அந்தக் காணொளி மறுபடியும் கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிட்டது. ஒரு லிட்டர் வினிகர், ஒரு கிண்ணம் கல் உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூடி. கலக்கித் தெளித்தால் தோட்டத்துக் களையெல்லாம் ஒரே நாளில் வேரோடு அழிந்துவிடுமாம். மருந்து வேண்டாம், கூலி ஆள் வேண்டாம், எல்லாமே இயற்கை. மறுநாள் பழுத்துச் சாய்ந்து கிடக்கும் கோரைப்புல்லைக் காட்டிவிட்டுக் காணொளி முடிந்துவிடுகிறது. வேரோடு அழிந்தது என்று சொல்கிறவர்களில் ஒருவராவது மண்வெட்டியை எடுத்து அந்த இடத்தை வெட்டிக் காட்டியிருக்கிறாரா? மூன்று வாரம் கழித்து அதே இடத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாரா? இல்லை. காட்டினால் செய்முறையின் கதை அங்கேயே முடிந்துவிடும். வீட்டுத் தோட்டக்காரர்களிடையே இவ்வளவு வேகமாகப் பரவி, இவ்வளவு மண்ணைக் கெடுத்த யோசனை அண்மைக் காலத்தில் வேறொன்று இல்லை. இதைத் தெரியாத்தனம் என்று பொறுத்துக்கொண்டு போகும் கட்டம் தாண்டிவிட்டது.

கோரையை ஒருமுறை முழுதாகத் தோண்டிப் பார்த்தவர்கள் இந்தக் காணொளியை நம்ப மாட்டார்கள். முக்கோணத் தண்டைப் பிடித்து இழுத்தால் அது கழுத்தில் பட்டென்று அறுந்து கையோடு வந்துவிடும். வந்தது வெறும் மேல்பாகம். அறுந்த இடத்துக்குக் கீழே சிறிய குமிழ் போன்ற ஓர் அடிக்கிழங்கு இருக்கிறது. அதிலிருந்து கறுத்த கம்பிபோல மெல்லிய தண்டு மண்ணுக்குள் ஓடுகிறது. விரலிடை தூரத்தில் ஒரு கிழங்கு, அதைத் தாண்டி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. கறுப்பும் பழுப்புமான தோலை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைச் சதை. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று வாங்கிக் குளியல் பொடியில் சேர்க்கிறார்களே, அதே மணம். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கும், சில அதற்கும் கீழே போகும். ஒவ்வொரு கிழங்கிலும் பல முளைக்கண்கள் உண்டு. ஒன்று கருகினால் அடுத்தது எழும். நல்ல ஈரமும் வெயிலும் கிடைத்தால் ஒற்றைக் கிழங்கு மூன்று மாதத்தில் நூறை நெருங்கப் பெருகிவிடும். உலகின் மோசமான களைகளைத் தொகுத்து லெராய் ஹோமும் கூட்டாளிகளும் 1977இல் எழுதிய நூல் இந்தப் புல்லுக்கு முதலிடம் கொடுத்தது. முட்களோ நஞ்சோ அதற்குக் காரணமல்ல, இந்தக் கிழங்குதான் காரணம். ஆகவே கோரைக்கு வைத்தியம் சொல்ல வருகிற எவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் மருந்து கிழங்கைத் தொடுகிறதா?

வினிகர் தொடாது. கடையில் விற்கும் வினிகரில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அசெட்டிக் அமிலம், மீதியெல்லாம் தண்ணீர். அந்த அமிலம் பட்ட இடத்தில் இலையின் செல் சவ்வைக் கிழிக்கிறது. ஈரம் வெளியேறி, வெயில் ஏற ஏற இலை வெந்ததுபோல் சுருண்டு விழுகிறது. இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து ஒட்டுவதற்குத்தான் சோப்பு. அவ்வளவுதான் நடக்கிறது. இலையில் பட்ட அமிலம் தண்டு வழியாக இறங்கிக் கிழங்குக்குப் போவதில்லை, ஏனென்றால் அதைக் கீழே கடத்த வேண்டிய திசுவையே அது முதலில் கொன்றுவிடுகிறது. 2002 வாக்கில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் வினிகரை வைத்துச் செய்த சோதனைகளை இந்தக் கூட்டம் அடிக்கடி மேற்கோள் காட்டும். அங்கே தோட்டக்காரர்களின் தீராத தலைவலியான கனடா திசில் என்னும் முட்செடிகூட ஐந்து சத வினிகரில் முழுமையாகக் கருகியது என்பார்கள். உண்மைதான். கருகியது அதன் மேல்பாகம். ஆய்வாளர்கள் மேல்பாகம் என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை உதிர்த்துவிட்டுச் செய்தியை ஊரெல்லாம் பரப்புவது அறிவியல் அல்ல. திசிலுக்கு மண்ணுக்குள் படரும் வேர், கோரைக்குக் கிழங்கு. இரண்டும் மேலே நடக்கும் இழவுக்குக் கீழே துக்கம் காப்பதில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. வீட்டு வினிகர் போதவில்லை என்று தெரிந்ததும் இருபது, முப்பது சதவீத அமிலத்தைத் தேடிப் போகிறார்கள். அந்தச் செறிவில் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. சமையலறைப் பொருள் என்ற நம்பிக்கையில் கையுறைகூட இல்லாமல் அதைத் தெளிக்கச் சொல்கிறவர்களுக்குப் பொறுப்பு என்ற ஒன்று வேண்டாமா?

வினிகர் காற்றோடும் மண்ணோடும் போய்விடும், நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். உப்பு அப்படிப் போகாது. அதை எந்த உயிரும் தின்று சிதைப்பதில்லை. இலையிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கியது அங்கேயே கிடக்கும், அல்லது நீரோடு நகர்ந்து பக்கத்து வேருக்கோ கிணற்றுக்கோ போகும். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்துகள்களின் கட்டு குலைந்து, மழையில் சேறாகக் குழைந்து, வெயிலில் ஓடுபோல் இறுகிவிடும். தண்ணீர் இறங்காத அந்த மண்ணில் உப்பைக் கழுவி வெளியேற்றவும் வழி இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல் ஏறிய மண்ணை மீட்க ஜிப்சம் போட்டு, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டியிருந்தது. கடல் கொண்டுவந்து கொட்டியதை நாமே கிண்ணத்தில் அளந்து கொட்டுவதற்குப் பெயர் இயற்கை வழியாம். இதில் மிகக் கொடுமையானது, உப்பு ஆளைப் பார்த்துக் கொல்வதில்லை என்பது. எலுமிச்சையும் வாழையும் கொஞ்சம் உப்பையும் தாங்காதவை. இலை விளிம்பு தீய்ந்து, பூ உதிர்ந்து, காய் பிடிக்காமல் நின்றுவிடும். அருகம்புல்லோ உப்பை நன்றாகவே தாங்கும், கடலோர மண்ணிலும் படரும். எலுமிச்சையைக் கொன்று அருகுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிற மருந்தைக் களைக்கொல்லி என்று அழைப்பது எந்த நியாயம்?

உடனே ஒரு கேள்வி வரும்: பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறதே? சொல்கிறது. லிட்டருக்கு 200 கிராம் உப்பு, பூக்கும் முன் தெளிக்க வேண்டும், பயிரில்லாத தரிசில் தெளிக்க வேண்டும் என்று சொல்கிறது. பார்த்தீனியம் விதையில் முளைத்து, பூத்து, விதைவிட்டுச் செத்துப்போகிற செடி. அதற்குக் கிழங்கு கிடையாது, மேலே கொன்றால் அந்தச் செடியின் ஆயுள் முடிந்தது. சாலையோரத் தரிசுக்குச் சொன்னதைக் கறிவேப்பிலையும் மல்லிகையும் நிற்கிற முற்றத்துக்குக் கொண்டுவந்ததும், விதைச்செடிக்குச் சொன்னதைக் கிழங்குப் புல்லுக்கு மாற்றியதும் யார்? இன்னொரு வாதம், தென்னங்குழியில் உப்புப் போடுகிறோமே என்பது. தென்னை குளோரைடை விரும்பி எடுத்துக்கொள்கிற, கடற்கரையில் வளரப் பழகிய மரம். அதன் பாதத்துக்கு உதவுவது கத்தரிக்கும் வெண்டைக்கும் உதவும் என்று நினைப்பவர்கள் தென்னையையும் புரிந்துகொள்ளவில்லை, கத்தரியையும் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் தெளித்ததும் களை போய்விட்டது என்கிற சாட்சியங்களுக்கும் விளக்கம் எளிது. போனது குப்பைமேனி, கீழாநெல்லி, புதிதாக முளைத்த நாற்று. அவற்றை ஈர மண்ணில் கையால் பிடுங்கியிருந்தாலே போயிருக்கும்.

இந்தத் தரப்பில் கேட்கத் தகுந்த வாதம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்பத் தெளித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் புது இலை விட்டுக் கிழங்கு சேமிப்பெல்லாம் தீர்ந்து செத்துவிடாதா? செத்துவிடும். ஆனால் அங்கே வேலை செய்வது வினிகர் அல்ல, விடாப்பிடிதான். இலை எந்த வழியில் போனாலும் கிழங்குக்கு ஒன்றே. களைக்கொத்தால் சீவினாலும் அதே பசி, அதே பலன். அப்படியானால் வினிகருக்கு எதற்குக் காசு? பத்து முறை தெளித்தால் பத்து முறையும் மண்ணில் உப்பு சேருகிறதே, அந்தக் கணக்கை யார் எழுதுவது? 1930களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஸ்மித், மேட்டன் என்ற இருவர் கோரை பிடித்த நிலத்தை மூன்று வாரத்துக்கு மிகாத இடைவெளியில் உழுதுகொண்டே வந்து, இரண்டு பருவத்தில் அதை ஒழித்துக் காட்டினார்கள். புதிய இலை சம்பாதித்துக் கிழங்குக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே அதை வெட்டிவிடுவதுதான் அதன் சூட்சுமம். ஒருமுறை கொத்திவிட்டு மறந்துபோவது மட்டும் கூடாது. கிழங்குச் சரம் அறுந்ததும் அதுவரை உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும், முன்பு பத்து நின்ற இடத்தில் முப்பது நிற்கும். கொத்தினால் கோரை பெருகும் என்று அலுத்துக்கொள்பவர்கள் பாதி வேலையில் நிறுத்தியவர்கள்.

நம் ஊர் வெயிலே கோரைக்குப் பெரிய எதிரி. கிழங்கு ஈரத்தை இழந்தால் பிழைக்காது. சித்திரை, வைகாசியில் ஒரு சாண் ஆழம் வெட்டிப் புரட்டி, அகப்பட்ட கிழங்கைப் பொறுக்கி, மீதியை இரண்டு வாரம் வெயிலில் வெந்துபோக விட வேண்டும். கோடை உழவு என்று உழவர்கள் செய்துவந்தது இதையும் சேர்த்துத்தான். பொறுக்கியதை உரக்குழியில் போடக் கூடாது, அங்கிருந்து தோட்டம் முழுக்கத் திரும்பி வரும். கோரைக்கு நிழல் ஆகாது. வெட்டிய இடத்தை வெறுமையாக விடாமல் சர்க்கரைவள்ளிக் கொடியையோ தட்டைப்பயறையோ நெருக்கமாகப் பரப்பினால் எஞ்சிய முளை வெளிச்சத்துக்கு ஏங்கி நலியும். மண்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தால் போதும் என்கிறார்கள். ஊசிபோன்ற அதன் முளை தாளைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் அது கிழங்குவரை இறங்குவது உண்மை. ஆனாலும் உறங்கும் கிழங்குக்கு அது போய்ச் சேர்வதில்லை. அதை 2015இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் சேர்த்தது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதைக் கை தெளிப்பானில் அடிக்கிற பழக்கத்துக்கும் இதே கண்டனம் உண்டு. அந்தப் பயத்தில்தானே வினிகரிடம் வருகிறோம் என்பார்கள். பயம் நியாயமானது, ஓடிய திசைதான் தவறு.

இந்தச் செய்முறைகளில் தோற்றவர்கள் கடைசியில் சிமெண்டுக்குப் போகிறார்கள், அதுதான் பொறுக்க முடியாதது. ஒரு புல்லுக்காக முற்றம் முழுவதும் தளம் போட்டு, மழைத்தண்ணீர் இறங்க ஒரு சாண் மண்கூட விடாமல் மூடிவிட்டு, கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது என்று புலம்புகிறார்கள். அந்தப் புல் வீட்டுக்கு வந்த வழியை யாரும் விசாரிப்பதில்லை. பாதிக்கு மேல் அது விலை கொடுத்து வாங்கி வந்தது. வீட்டைச் சுற்றி மேடாக்க இறக்கிய செம்மண் லோடில் வந்தது, நர்சரியில் வாங்கிய ரோஜாச் செடியின் கறுப்புக் கவரில் வந்தது. விற்பவரைக் கேட்டால் புல் எல்லா மண்ணிலும் இருக்கும் என்பார், அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. லாரி மண்ணைக் கொட்டும் முன் இரண்டு கூடை அள்ளிச் சலித்துப் பாருங்கள், கறுப்புக் கொட்டை தென்பட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். செடியின் கவரைக் கிழித்து வேர்மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் குழியில் வையுங்கள். முக்கோணத் தண்டு ஒன்று எட்டிப் பார்க்கும் செடிக்குக் காசு கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல ஒரு காணொளி போடட்டும், முதல் ஆளாக அதைப் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கிறேன்.