அங்காடிக்கு வராத ஆராய்ச்சி

ஆராய்ச்சி, பொதுமக்களோடு உரையாடல், மாணவர் தலைமை ஆகிய மூன்றையும் ஒரு சரட்டில் கோப்பதே தம் பணி என்று பல்கலைக் கழகங்களைச் சார்ந்த கொள்கை ஆய்வு நிறுவனங்கள் முழங்குகின்றன. முழக்கத்தை நாம் மறுக்கவில்லை. அந்தச் சரட்டின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்றே கேட்கிறோம். அதையும் புதுவைப் பெரிய மார்க்கெட்டில் நின்றுகொண்டு கேட்கிறோம்.

குபேர் அங்காடி என்பது ஏட்டில் உள்ள பெயர். காஜியார் வீதியிலிருந்தும் முல்லா வீதியிலிருந்தும் பை தூக்கி வரும் நம் குடும்பங்களுக்கு அது என்றும் பெரிய மார்க்கெட்தான். அதை ஒட்டிய வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கவர்னர் மாளிகையின் சூழ்ச்சிகளையும் வணிகத்தின் ஏற்ற இறக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தார். பட்டம் பெறாத அந்த வணிகர் ஆட்சியையும் அங்காடியையும் ஒரே ஏட்டில் கண்டார். பட்டம் பெற்றோர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்!

2017-இல் புதுவை பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. பழைய அங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. கடைக்காரர்கள் எதிர்த்தனர். ஒட்டுமொத்தமாக வெளியேறினால் திரும்பி வர இடம் இருக்குமா, பகுதி பகுதியாகக் கட்டலாகாதா என்பதே அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை எடுத்து வைக்க நகர மன்றம் ஒன்று இருந்ததா? புதுவையில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பின் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் இல்லை. நகர மன்ற உறுப்பினர் இல்லாத ஊரில் அங்காடியின் விதியைப் பேச எஞ்சியவை பெரும்பாலும் அதிகாரியின் அறையும் கடையடைப்பும்தாம். இத்தகைய வெற்றிடத்தில் பல்கலைக் கழகத்துக்கு வேலை உண்டு என்பதே நம் வாதம்.

இது அறிவுக்குப் பஞ்சமுள்ள ஊரன்று. கடலோரத்தில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வடக்கே காலாப்பட்டில், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த மத்தியப் பல்கலைக் கழகம் இருக்கிறது. தென்னாசிய ஒத்துழைப்பை ஆராய மதன்ஜீத் சிங் பெயரில் ஒரு நிறுவனமும் அங்கே உண்டு. தென்னாசியாவை ஆராயட்டும், மகிழ்ச்சி. மீன் கடையும் தென்னாசியாவில்தான் இருக்கிறது.

ஒரு நாள் முற்பகல் ஏதோ ஒரு கல்லூரியின் மாணவர்கள் வினாத்தாளோடு மார்க்கெட்டுக்கு வந்ததைக் கண்டோம். வினாக்கள் ஆங்கிலத்தில், பிள்ளைகளின் வாயில் அவை பாதித் தமிழாகி வந்தன. நாள் வருமானம் என்ன, தண்டல் கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர்? மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் ஈ ஓட்டியபடியே அத்தனைக்கும் விடை சொன்னார். முடிவில், “எல்லாத்தையும் எழுதிக்கிட்டியே தம்பி, என்னா எழுதுனேன்னு எப்ப வந்து சொல்லுவ?” என்றார். அந்தப் பிள்ளை விழித்தான். அவனை நாம் குறை கூறோம். திரும்பி வந்து சொல்வதும் ஆராய்ச்சியின் பகுதி என்று அவனுக்குக் கற்பிக்காதவர்களையே குறை கூறுகிறோம்.

இது நம் நாட்டில் நடவாத காரியம் என்பாருமுண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் வந்தவர். அவர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கிராம ஆய்வு செய்வித்து, 1918-இல் நூலாக வெளியிட்டார். புதுவைக்கு மேற்கே, அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. 1930-களிலும் பின்னர் 1981, 2008 ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிச் சென்றனர். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, கூலி என்ன ஆயிற்று என்பதை ஒரு நூற்றாண்டளவுக்கு இன்று சொல்ல முடிவது அந்த மாணவர் கால்நடையால் அன்றோ! ஆயினும் அந்நூலும் ஆங்கிலத்திலேயே வந்தது. குறை அன்றே தொடங்கிவிட்டது.

மேனாட்டைப் பாருங்கள் என்பார்க்கும் ஒரு சொல். அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் கென்னடி நினைவாக 1966-இல் எழுந்த அரசியல் நிறுவனத்தில், பதவியில் இருந்தோர் ஒரு பருவம் தங்கி மாணவரோடு விவாதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நம்மவர்களோ அதன் மேடையை மட்டும் பார்த்து வந்தனர். பேச்சுப் போட்டியும் கழுத்துப் பட்டையும் சான்றிதழுமே தலைமை என்றாகிவிட்டது.

ஆய்வாளன் ஒரு பக்கம் சாயலாகாது என்ற ஆட்சேபம் எழும். சாயச் சொல்லவில்லை. கடைக்காரர் கணக்கில் பிழை இருந்தால் அவர் முகத்துக்கு நேரே சொல்லட்டும். சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு வேண்டும் என்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. அங்காடியைச் சுற்றி நடைபாதையில் அமர்ந்திருப்போர்க்கு இச்சட்டம் உயிர். கணக்கெடுக்கக் கற்ற மாணவர் வேண்டும். குழுவில் பேசப் போகும் பெண்ணுக்குச் சட்டத்தைத் தமிழில் விளக்க ஆள் வேண்டும்.

நம் வீடுகளும் குற்றமற்றவை அல்ல. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கே பொருளியல், அரசியல் என்று ஒதுக்குகிறோம். கள ஆய்வுக்கு மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால், அதற்கா படிக்க வைத்தோம் என்று உம்மா கேட்கிறார், வாப்பா முகம் சுளிக்கிறார். எடையையும் அளவையையும் மேற்பார்க்கும் முஹ்தஸிப் என்ற பதவிக்கு, 11-ஆம் நூற்றாண்டில் மாவர்தி தம் ஆட்சியியல் நூலின் இறுதி அத்தியாயத்தையே ஒதுக்கினார். கற்றவர் கடைவீதியில் நிற்பது இழுக்கென்று நம் முன்னோர் எண்ணவில்லை.

அடுத்த திட்டம் வரைபடமாகும் முன், ஆய்வு நிறுவனத்தார் தம் அறிக்கையைத் தமிழில் எழுதட்டும். வியாபாரம் தணியும் ஒரு பிற்பகலில் மார்க்கெட்டுக்குள்ளேயே பாய் விரித்து, மாணவர்களே அதைப் படித்துக் காட்டட்டும். முதற் கேள்வியை அந்த மீன்கார மூதாட்டி கேட்கட்டும்.