குட்வின் சொன்னாராம், அதனால குட்டைப் பாவாடையாம்!

பிரிட்டனில் ஏ-லெவல் மீடியா ஸ்டடீஸ் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரு கூத்து நடக்கும். மூணு நிமிஷ மியூசிக் வீடியோ ஒண்ணு எடுத்துக் கொடுக்கணும். பாட்டு வேற யாரோ பாடினது, நடிக்கிறது கூடப் படிக்கிற பசங்க, உடை அவங்கவங்க அலமாரியில் இருக்கிறது. எடுத்து, எடிட் பண்ணி, டைட்டில் போட்டு முடிச்ச பிறகுதான் "ஐயோ, தியரி எங்கே?" என்று ஞாபகம் வரும். உடனே லாரா முல்வி, ரிச்சர்ட் டயர், ஆண்ட்ரூ குட்வின் எல்லாரையும் கூப்பிட்டு, முகூர்த்தத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வாழைமரம் கட்டுற மாதிரி அவசர அவசரமாகக் கட்டிவிடுவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. பரீட்சை என்றால் நாமளும் அப்படித்தான். எனக்குக் கடுப்பு வருவது வேற விஷயத்துக்கு.

குட்வின் 1992-ல் 'டான்ஸிங் இன் தி டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி' என்று ஒரு புத்தகம் எழுதினார். எம்டிவி வீடியோக்களை வெறும் படமாக மட்டும் பார்த்துப் பெரிய பெரிய பின்நவீனத்துவ வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், "முதல்ல பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கய்யா" என்று சொன்ன புத்தகம் அது. வகுப்பறைக்கு வந்து சேரும்போது அது ஒரு லிஸ்ட் ஆகிவிட்டது. இசை வகைக்கு ஏத்த அடையாளங்கள், வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, பாடகரின் குளோசப், பழைய படங்களைத் தொட்டுக் காட்டுவது, அப்புறம் 'நோஷன் ஆஃப் லுக்கிங்'. அதாவது பார்ப்பது பற்றியது: திரைக்குள் திரை, கண்ணாடி, குறிப்பாகப் பெண் உடலை ஒளிஞ்சு பார்க்கிற கேமரா.

என் அக்கா மகன் போன வருஷம் இதே வேலையில் இருந்தான். உடை என்ன யோசிச்சிருக்கே என்று கேட்டேன்.

"ஹீரோயினுக்கு ஷார்ட் ஸ்கர்ட் மாமா. கீழேயிருந்து மேல கேமரா போகும்."

"ஏன்டா?"

"குட்வின் லிஸ்ட்ல இருக்கு மாமா. அது ஒரு கன்வென்ஷன். வைக்கலைன்னா மார்க் போயிடும்."

பையன் கெட்டவன் இல்லை. லிஸ்ட்டில் இருக்கிறதை ஒழுங்காகச் செய்கிற பையன். அதுதான் பிரச்சினையே! ஊரில் வரதட்சணை வாங்குகிறார்கள் என்று ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணி எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு, 'கல்யாணத்தின் இலக்கணம் - ஒன்று, தாலி, இரண்டு, சாப்பாடு, மூன்று, வரதட்சணை' என்று நோட்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும்? இங்கே நடப்பது அச்சு அசல் அதேதான். "இப்படிப் பார்க்கிறார்கள்" என்பது "இப்படிப் பார்க்கணும்" ஆகிவிட்டது.

முல்வியின் கதை இன்னும் மோசம். 1975-ல் 'ஸ்க்ரீன்' பத்திரிகையில் அந்தக் கட்டுரையை அவர் எழுதினதே, ஹாலிவுட் படங்களில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுவது பெண்ணாகவும் இருப்பதை உடைக்கத்தான். அலசிப் பார்த்தால் அந்த ரசனை உடையும், உடையட்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பதினேழு வயசுப் பையன் "இந்த ஷாட்டில் நான் முல்வியின் மேல் கேஸ் தியரியைப் பயன்படுத்தியிருக்கிறேன்" என்று பெருமையாக எழுதுகிறான். திருட்டைப் பற்றிய சட்டத்தைப் பயன்படுத்தித் திருடினேன் என்கிற மாதிரி.

(இப்போதைய பாடத்திட்டத்தில் கட்டாயமாகப் படிக்கச் சொல்லும் பெயர்களில் குட்வினும் முல்வியும் இல்லை. லீஸ்பெத் வான் ஸூனன், பெல் ஹூக்ஸ், ஜூடித் பட்லர் என்று போகும் அந்தப் பட்டியல். ஆனாலும் மியூசிக் வீடியோ என்று வந்துவிட்டால் வாத்தியார்கள் பழைய லிஸ்ட்டைத்தான் எடுப்பார்கள்.)

இதில் கஷ்டப்படுவது யார்? 2017-லிருந்து வந்த புதிய ஏ-லெவலில் இந்தச் செய்முறை வேலைக்கு 30 சதவீத மதிப்பெண். தனித்தனியாகத்தான் செய்யணும். நடித்துக் கொடுக்கிற தோழிக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. நவம்பர் குளிரில், ஆற்றங்கரை நடைபாதையில், மெல்லிசு உடையில் நடுங்கிக்கொண்டு நிற்பது அவள். போகிற வருகிறவன் பார்க்கிறானே என்று கூசுவது அவள். பிறகு அந்த வீடியோ யூட்யூபில் ஏறினால் கமெண்ட்டைப் படிக்கப்போவதும் அவள்தான். "தியரியில இருக்கு" என்று சொல்லிவிட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அறிவாளித்தனமான காரணத்துக்கு எதிராகக் கூச்சத்தை எப்படி எடுத்துச் சொல்வது?

"அவளே விரும்பித்தானே போட்டாள்?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. 1998-ல் வந்த பிரிட்னி ஸ்பியர்ஸின் 'பேபி ஒன் மோர் டைம்' வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் எடுக்கலாம் என்பது பிரிட்னியின் யோசனை, சட்டையை மேலே முடிச்சுப் போட்டதும் அவரேதான் என்கிறார்கள். துணியெல்லாம் கேமார்ட்டில் வாங்கின மலிவுச் சமாச்சாரம் என்று இயக்குநர் நைஜல் டிக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது பிரிட்னிக்கு வயசு 16. தேர்ந்தெடுத்தது அவர்தான், சரி. ஆனால் அந்த உடைக்கு என்ன அர்த்தம் என்பதை அவரா முடிவு பண்ணினார்? வருஷக்கணக்கில் அதை வைத்து அவரைப் பேசினவர்கள் வேற ஆட்கள். உடை போடுகிறவர் கையில் இருப்பது பாதி. மீதி கேமரா கையிலும் பார்ப்பவர் கையிலும். ஸ்டூவர்ட் ஹால் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அனுப்புகிற அர்த்தமே போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை.

அதனால் உடையே வேண்டாம், எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்ல வரவில்லை :-)

உண்மையில் காசில்லாத மாணவனுக்குக் கையில் இருக்கிற ஒரே பலம் உடைதான். செட் போட முடியாது, கிரேன் கிடையாது, லைட் கிடையாது. பக்கத்துச் சேரிட்டி ஷாப்பில் சில பவுண்டுக்கு ஒரு கோட்டு கிடைக்கும். 'த்ரில்லர்' (1983) பாருங்கள். மைக்கேல் ஜாக்சனுக்கு மேலேயும் கீழேயும் சிவப்பு. அந்த ஜாக்கெட்டை வடிவமைத்தவர் டெபோரா நாடூல்மன் லேண்டிஸ், இயக்குநர் ஜான் லேண்டிஸின் மனைவி. தெருவும் இருட்டு, பிணங்களும் சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். அந்தக் கூட்டத்தில் கண் தானாகச் சிவப்புக்குப் போகும். டயர் 1979-ல் நட்சத்திர பிம்பம் பற்றி எழுதினதைப் புரியவைக்க இந்த ஒரு ஜாக்கெட் போதும். சிவப்பு ஜாக்கெட் வாங்க எந்தப் பெண்ணையும் குளிரில் நிற்க வைக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணு, மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' (1985). அந்த ரோஸ் கவுன் 1953-ல் மர்லின் மன்றோ போட்டதை அப்படியே நினைவுபடுத்துவது. உடையும் பாட்டும் காசு காசு என்கிறது. பாட்டுக்கு வெளியே ஓடுகிற குட்டிக் கதையில் அதே பெண் ஆடம்பரத்தில் மயங்குவதில்லை, சாதாரணப் பூங்கொத்தோடு வருகிறவனோடு பழைய டிரக்கில் போகிறாள். குட்வின் பேசுகிற வரிக்கும் காட்சிக்கும் உள்ள முரண் அங்கே உடை வழியாகத்தான் வேலை செய்கிறது. லிஸ்ட்டில் இந்த வரியும் இருக்கிறதே, பசங்க கண்ணில் ஏன் படுவதில்லை?

நம்ம மாயாவையும் சொல்லணும். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸில் சினிமா படித்தவர். ரொமெய்ன் கவ்ராஸ் மொராக்கோவில் எடுத்த 'பேட் கேர்ள்ஸ்' (2012) வீடியோவில் பெண்கள் தலையும் முகமும் மூடி, அச்சடித்த துணிகள் போட்டுக்கொண்டு, கார் ஓட்டுகிறார்கள். சவுதியில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த காலம் அது (2018-ல்தான் நீங்கியது). உடல் முழுக்க மூடியிருக்கிறது, ஆனால் கண்ணை எடுக்க முடியாது. பார்க்கிறவன் ஆள் இல்லை, பார்க்கப்படுகிறவள்தான் ஆள். அரபு உடையை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. எனக்கு அந்த விமர்சனத்தில் பாதி சம்மதம். ஆனால் ஒரு மாணவன் எழுதுவதற்கு அந்தச் சண்டையைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

தியரியைக் கேள்வியாக வைத்துக்கொண்டு அலமாரியைத் திறக்கணும் என்பதுதான் நான் சொல்வது. இந்த உடையில் இவள் என்ன செய்கிறாள்? ஓடுகிறாளா, ஓட்டுகிறாளா, சும்மா நிற்கிறாளா? கேமரா அவள் கண்ணைப் பார்க்கிறதா, வேறெங்காவதா? இதே ஷாட்டைப் பாடுகிற பையனுக்கு வைப்பேனா? கடைசிக் கேள்விக்கு அக்கா மகனிடம் பதில் இல்லை, சிரித்துவிட்டான்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும். பச்சைத் திரை முன்னாடி பச்சைத் துணி போட்டால் தலை மட்டும் மிதக்கும். ரெண்டு சனிக்கிழமை எடுப்பதாக இருந்தால் முதல் நாளே எல்லாரையும் தலையிலிருந்து செருப்பு வரை போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொரு சௌகரியம்: பாட்டு ஏற்கெனவே பதிவானது, வாயசைப்புதான். அதனால் குறும்படத்தில் ஒலிப்பதிவுக்காரர் திட்டுகிற சரசர மழைக்கோட்டு, வளையல், கொலுசு, தோல் ஜாக்கெட் எதை வேண்டுமானாலும் தைரியமாகப் போடலாம். அந்தப் போட்டோவுக்குக் கீழேயே 'ஏன் இது' என்று ரெண்டு வரி அன்றைக்கே எழுதிவிடுங்கள். போட்டுக்கொள்ளப் போகிற தோழியிடம் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவள் முகம் சுளித்தால் வேற கோட்டு தேடப் போகலாம், கடை சனிக்கிழமையும் திறந்திருக்கும்.