பட்டி நாய் ஓயாமல் சொறிகிறது... சோறுதான் காரணமா?

கேள்வி: "ஐயா, வணக்கம். எங்களிடம் 35 செம்மறிகள் இருக்கின்றன. பட்டிக் காவலுக்கு ராஜபாளையம் கலப்பில் ஒரு பெட்டை நாய். வயது 3, எடை 22 கிலோ. 8 மாதமாகக் காதைச் சொறிந்தும் பாதத்தைக் கடித்தும் புண்ணாக்கிக்கொள்கிறது. ஊசி போட்டால் 3 வாரம் அடங்குகிறது, பிறகு மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. பிராய்லர் கடையில் வாங்கும் கோழிக்கால், தலை, வீட்டுத் தயிர்ச்சோறு, பிள்ளைகள் போடும் பிஸ்கட், இவைதான் குட்டியிலிருந்து அதன் சாப்பாடு. சாப்பாடு சேரவில்லை என்று ஒருவர் சொன்னதால், விலை உயர்ந்த நாய் உணவு 2 மூட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமனார். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் தெருநாய்கள் புகுந்து 6 ஆடுகளைக் கடித்துப் போட்டன. எங்கள் பட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது இந்த நாயால்தான். இதற்கு என்ன சாப்பாடு போடுவது?"

- ஒரு வாசகி, வெள்ளகோவில், திருப்பூர் மாவட்டம்.

பதில்: நான் பயிர் படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. அதனால் உங்கள் கடிதத்தை எங்கள் வட்டாரக் கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டி, அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். கொண்டுபோய் விடப்படும் நாய்தான் நாளைக்குத் தெருநாய்க் கூட்டத்தில் சேருகிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

'என்ன சாப்பாடு போடுவது' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், இது சாப்பாட்டால் வருகிற அரிப்புதானா என்று பார்க்க வேண்டும். பட்டி நாய் சொறிந்தால் முதல் சந்தேகம் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி ஆகியவற்றின் மேல்தான் விழ வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, நாயை அதன்மேல் நிற்கவைத்து, வால் அடிப்பகுதியில் நெருக்கமான சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கருப்புத் துகள் விழுந்து, ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் ரத்தம்தான் அது. காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டி, வீட்டு ஆட்களுக்கும் அரிப்பு வந்தால் சொறிப்பூச்சியாக இருக்கும். மருந்தகத்தில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஒரே தடவையில் பூச்சி அகப்படாமலும் போகலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் மருத்துவர் மருந்து கொடுத்தே பார்ப்பார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதையும், வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பூசுவதையும் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். தோல் வழியாக உள்ளே போவது போதாதென்று நாய் அதை நக்கியும் விழுங்கும். ஆட்டுக்குப் போடும் குடற்புழு ஊசியைக் கண்ணளவில் நாய்க்கு ஏற்றுவதும் அதே ரகம்தான். இவற்றைச் செய்யவே கூடாது.

பூச்சியும் இல்லை, புண்ணில் இருந்த கிருமிக்கும் பூஞ்சைக்கும் வைத்தியம் பார்த்தாயிற்று, ஆனாலும் மழை, வெயில் என்று பாராமல் வருடம் முழுக்க அரிப்பு இருக்கிறது, காதில் திரும்பத் திரும்பச் சீழ் வருகிறது, பாதம், அடிவயிறு, ஆசனவாயைச் சுற்றி நக்குகிறது, அடிக்கடி இளக்கமாகக் கழிகிறது என்றால் அப்போது சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். உங்கள் நாய்க்கு இதில் இரண்டு மூன்று பொருந்துகின்றன.

"குட்டியிலிருந்து இதைத்தானே தின்கிறது, இப்போது மட்டும் எப்படிச் சேராமல் போகும்" என்று வீட்டில் கேட்பார்கள். ஒவ்வாமை நேற்று வந்த பொருளுக்கு வருவதைவிட, தின்று பழகிய பொருளுக்கு வருவதுதான் அதிகம். உடம்பு ஒரு புரதத்தைப் பலமுறை பார்த்த பிறகே அதைப் பகையாக நினைக்கத் தொடங்கும். உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைப் பற்றி 2016-ல் வெளியான தொகுப்பாய்வில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம் என்று இருந்தது. அரிசி வெறும் 2. வெளிநாட்டு நாய்கள் தின்பது வேறு என்றாலும், உங்கள் நாயின் தட்டில் கோழி, தயிர், கோதுமை பிஸ்கட் என்று அந்தப் பட்டியலில் இருந்து மூன்று இருக்கின்றன.

இந்த மூன்றில் எது என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடாதா? உணவு ஒவ்வாமைக்கு ரத்தம், உமிழ்நீர், முடி என எதைச் சோதித்து வரும் முடிவையும் நம்ப முடியாது. பணம் மிச்சமாகட்டும். நம்பக்கூடிய வழி ஒன்றுதான் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரிந்த வழிதான். வயல் மஞ்சளித்தால் யூரியா, நுண்ணூட்டம், பூச்சிமருந்து மூன்றையும் ஒரே தொட்டியில் கலந்து அடிப்பவருக்கு, பயிர் பச்சை கட்டினாலும் எதனால் என்று தெரியாது. நாலு பாத்திக்குத் துத்தநாகம் மட்டும் அடித்து, மற்றதை விட்டுவைத்துப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நாய்க்கும் அப்படித்தான். இதுவரை தின்னாத ஒரு புரதம், இதுவரை தின்னாத ஒரு மாவுப்பொருள், 8 வாரம், வேறு எதுவும் இல்லை.

உங்கள் நாய் மீன் தின்றதில்லை என்றால் மீன்தான் மலிவு. அமராவதி அணை ஜிலேபி, கட்லா, எது கிடைத்தாலும் ஒரே வகையாக இருக்கட்டும். வேகவைத்து முள்ளை முழுக்க எடுத்துவிட வேண்டும். மத்தி வாங்கினால் குக்கரில் முள் நசுங்கும் வரை வேகவைத்து அப்படியே பிசைந்து போடலாம். ஆனால் ஐஸ் இல்லாமல் வந்த மத்தி வேண்டாம். கெடத் தொடங்கிய மத்தியில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடி, அதுவே அரிப்பை உண்டாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. மாவுப்பொருளுக்கு உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைவள்ளி. அரிசி பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லைதான். இருந்தாலும் அதை நம்பி 8 வாரத்தை வீணாக்கி மறுபடி தொடங்குவதைவிட, முதல் முறையே அரிசியையும் விலக்கிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

22 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு முள் நீக்கிய மீன் 350 கிராம், வேகவைத்துத் தோலுரித்த கிழங்கு 700 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 2 மேசைக்கரண்டி என்று ஆரம்பித்து, இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இளைத்தால் கூட்டி, கொழுத்தால் குறைக்கலாம். மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் ஆகாதவை, ரத்த அணுவை உடைக்கும். புதுச் சாப்பாட்டுக்கு 4, 5 நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழிச்சல் பிடிக்கும். வளர்ந்த நாய் 8 வாரம் இப்படித் தின்றால் ஒன்றும் ஆகாது. குட்டிக்கும் சினை நாய்க்கும் இதைச் செய்யாதீர்கள், சுண்ணாம்புச்சத்து குறைந்துவிடும்.

சமைப்பது எளிது. வேறு எதுவும் வாயில் படாமல் பார்ப்பதுதான் சிரமம். அதிலும் தோட்டத்து நாய்க்குச் சாப்பாடு தட்டில் மட்டும் இல்லை. மாட்டுத் தொட்டியில் மிச்சமிருக்கும் தவிட்டுத் தண்ணீர், பூனைக்கு வைத்த பால், கோழி எச்சம், ஆள்காரர் போடும் எலும்பு, பாட்டி ஊட்டும் ஒரு வாய் தயிர்ச்சோறு, எல்லாம் அதன் கணக்கில்தான் சேரும். ஒரே ஒரு பிஸ்கட் 10 நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். பகலில் நிழலில், நீளச் சங்கிலியில், தண்ணீர் வைத்துக் கட்டுங்கள். இரவில் பட்டிக்குக் காவல் வேண்டுமே என்பீர்கள். வயிறு நிறையப் போட்டுவிட்டு, தரையைக் கூட்டித் தள்ளிய பட்டி வேலிக்குள் அவிழ்த்துவிடலாம். ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் மட்டும் தொடங்காதீர்கள். நஞ்சுக்கொடியைத் தின்றால் அதுவும் இறைச்சிதான். உங்கள் ஆடுகள் எப்போது ஈனும் என்று கணக்குப் பார்த்து, அதற்கு முன்போ பின்போ 2 மாதம் இடைவெளி இருக்கும்படி தேதி வையுங்கள். உண்ணிக்குத் தரும் மாத்திரைகளில் சில இறைச்சி மணம் சேர்த்தவை. இந்த 2 மாதமும் முதுகில் ஊற்றும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

போட்ட ஊசி அநேகமாக ஸ்டீராய்டாக இருக்கும். அது வேலை செய்யும் வரை அரிப்பு குறைந்தது மீனாலா ஊசியாலா என்று தெரியாது. கடைசியாக ஊசி போட்ட தேதியைச் சொல்லி, எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். தொடக்கத்தில் அரிப்பு தாங்க முடியாவிட்டால் சில நாளைக்கு மாத்திரை தருவார். கடைசி வாரங்களிலாவது எந்த அரிப்பு மருந்தும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் இரவு, ஒரே ஆள், அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். மழைமானிப் பதிவேடு மாதிரிதான், ஒரு நாள் விட்டாலும் மறுநாள் நினைவிலிருந்து எழுதக் கூடாது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் எட்டுக்கும் மேல் 5 வாரத்திலும், பத்தில் ஒன்பதுக்கும் மேல் 8 வாரத்திலும் தெளிகின்றன. மூன்றாம் வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மதிப்பெண் இறங்கி நின்றுவிட்டால் மகிழ்ச்சி. ஆனால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மனசு வராது, தெரியும். இதைச் செய்யாவிட்டால் காரணம் சாப்பாடா, மாறிய பருவமா என்று கடைசிவரை தெரியாது. சேராத பொருள் என்றால் பெரும்பாலும் 2 வாரத்துக்குள், பல நாய்களுக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே அரிப்பு திரும்பும். திரும்பியதும் மீனும் கிழங்கும் மட்டும் என்று பழையபடி மாற்றி, அடங்கவிட்டு, பிறகு ஒவ்வொரு பொருளாக 2 வாரம் சோதியுங்கள். எதை முதலில் சோதிப்பது? அரிசிச்சோற்றை என்பேன். அது சேர்ந்தால் உங்கள் செலவு பாதியாகக் குறைந்துவிடும். அடுத்து வீட்டுத் தயிர், அதன் பிறகு கோழி. பிஸ்கட்டைச் சோதிக்கவே வேண்டாம். அது இல்லாமல் எந்த நாயும் கெட்டுப்போனதில்லை.

எது சேருகிறது என்று தெரிந்த பிறகு, அதை வைத்து நிரந்தரச் சாப்பாட்டை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். வருடக்கணக்கில் வீட்டுச் சாப்பாடே என்றால் சுண்ணாம்புச்சத்தும் தாது உப்பும் அளந்து சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்பை ஒரு கை அள்ளிப் போடுவது அளவு ஆகாது.

நீங்கள் வாங்கிய 2 மூட்டை ஏன் பலிக்கவில்லை? பையின் முன்பக்கம் மீன் படம் இருந்தாலும் பின்பக்கச் சிறு எழுத்தில் கோழிக் கொழுப்பு, கோழித்தூள் இருக்கும். எழுதப்படாத புரதமும் ஆலையில் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 'தானியம் இல்லாதது' என்று போட்டு விலை ஏற்றுவதிலும் பொருளில்லை, வம்பு பெரும்பாலும் தானியத்தில் இல்லை, இறைச்சியிலும் பாலிலும்தான். புரதத்தை நொறுக்கித் துண்டாக்கிய மருத்துவ உணவு என்று ஒன்று உண்டு. மருத்துவர் எழுதித் தந்தால் சமைக்காமல் அதையே 8 வாரம் போட்டும் சோதிக்கலாம். விலைதான் தோட்டக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

8 வாரம் கண்டிப்பாக இருந்தும் அரிப்பு குறையவில்லை என்றால், சாப்பாட்டின் மேல் பழி இல்லை. தூசி உண்ணி, மகரந்தம் போன்ற சுற்றுப்புற ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோட்டோடு கூட்டிப் போங்கள். நீங்கள் எழுதிய 8 வாரப் பதிவு அங்கே பாதி வேலையை முடித்துவிடும்.

கேள்வி: "என் நாய்க்கும் கோழி சேரவில்லை. பிராய்லருக்குப் போடும் ஊசிதான் காரணம் என்கிறார்கள். நாட்டுக்கோழி போடலாமா?"

- ஒரு வாசகர், பொள்ளாச்சி.

பதில்: நாயின் உடம்பு சண்டை போடுவது கோழியின் புரதத்தோடு. அந்தப் புரதம் பிராய்லரிலும் நாட்டுக்கோழியிலும் ஒன்றுதான். ஆகவே போட வேண்டாம். காடை, வாத்து, வான்கோழியும் கோழிக்கு நெருங்கிய உறவு என்பதால் மாற்றாக நம்ப முடியாது. முட்டையைத் தனியாக 2 வாரம் சோதித்துப் பாருங்கள், கோழி சேராத சில நாய்களுக்கு முட்டை சேரும். முயல், வெண்பன்றி, மீன் இவற்றில் உங்கள் நாய் இதுவரை தின்னாதது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.