பாகூர் ஜங்ஷன் எங்கப்பா இருக்கு?

வில்லியனூர் ஸ்டேஷன்ல நின்னு, 'பாகூருக்கு அடுத்த ரயில் எப்போ சார்?'னு கேட்டுப் பாருங்க. மேலும் கீழும் பார்ப்பாங்க! 1879-ல் புதுச்சேரி-விழுப்புரம் பாதை போட்டப்பவே வில்லியனூர் பக்கம் ரயில் வந்தாச்சு. பாகூர்ல பெரிய ஏரி இருக்கு, மூலநாதர் கோயில் இருக்கு, தண்டவாளம்தான் இல்லை. ஆனா, பிளைவுட் பலகை மேல பாகூருக்கு ரயில் விட்டா யார் தடுக்க முடியும்?

இங்கிலாந்துல பீட்டர் டென்னினு ஒரு பாதிரியார் இதைத்தான் பண்ணினார். பக்கிங்ஹாம் ஊருக்கு கிரேட் சென்ட்ரல் கம்பெனி ரயில் விட்டதே கிடையாது. 'விட்டிருந்தா?'னு கற்பனை பண்ணி, 1940-கள்ல ஆரம்பிச்சு பல வருஷம் அதையே கட்டினார். காலத்தை 1907 பக்கம் நிறுத்திட்டார். மகன் கிரிஸ்பின் பார்த்த வேலைக்கு ஒரு மெஷின் செஞ்சு, 'ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின்'னு பேரும் வெச்சாங்க! (நம்ம வீட்ல இப்படி ஒண்ணு செஞ்சா அம்மா முதல்ல கடைக்கு அனுப்புவாங்க.) 2009-ல் டென்னி இறந்த பிறகு, அந்த லேஅவுட் இன்னொருத்தர் கைக்குப் போச்சு. அவர் பழுது பார்த்து ஓட்டினார். கதையை மாத்தலை.

இப்ப உங்க சீனியர், '1935 வில்லியனூர்-பாகூர் கிளைப் பாதை'னு ஒரு லேஅவுட்டை உங்க தலையில கட்டிட்டுப் போறார்னு வைங்க. வயரிங்கைப் பிய்ச்சு புதுசா போடுங்க, தப்பே இல்லை. ஆனா, எலெக்ட்ரிக் இன்ஜினை ஏத்தினா போச்சு. நம்ம பாதை 2004 வரைக்கும் மீட்டர் கேஜ். 87-ல் ஒரு பங்குனு சுருக்கினா தண்டவாள இடைவெளி சுமார் 11.5 மி.மீ. வரணும். கடையில சாதாரணமா கிடைக்கிற 16.5 மி.மீ. டிராக், வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்கானது.

அதைவிட முக்கியம், நடுவழியில சீனியர் வெச்ச கஸ்டம்ஸ் ஷெட். அப்ப பிரெஞ்சு மண்ணும் பிரிட்டிஷ் மண்ணும் துண்டு துண்டா கலந்து கிடந்துச்சு. 1954-ல் கை மாறுற வரைக்கும் இந்தக் கூத்துதான். பாகூருக்குப் போற ரயில் சங்கராபரணியைத் தாண்டணும், எல்லையையும் தாண்டணும். 'இடத்தை அடைக்குது'னு அந்த ஷெட்டைத் தூக்கிட்டா, பிரெஞ்சு காலமே காலி. அப்புறம் அது எந்த ஊர் ரயிலா வேணா இருக்கலாம்.

அதனால சால்டரிங் அயனைச் சூடு பண்றதுக்கு முன்னாடி சீனியரைப் பிடிங்க. பாதைக்கு யார் காசு போட்டாங்க? பாகூர் நெல்லு எந்தப் பக்கம் போச்சு? கடைசி வண்டி எத்தனை மணிக்கு? வேலை கிடைச்சு பெங்களூரு பஸ் ஏறிட்டார்னா அப்புறம் போனையே எடுக்க மாட்டார். ஒரு டீ, ரெண்டு சமோசா செலவுல எல்லாத்தையும் கறந்து நோட்டுல எழுதி வாங்கிடுங்க!