வில்லுக்கத்திக்கு எந்த மரம்?

கோடை விடுமுறை தொடங்கினால் தீவுப்பகுதிக்குப் பாரிஸ்காரர் வந்து இறங்கிவிடுவார்கள். சொக்லேற்றுப் பைகளுக்கு நடுவே மரப்பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்றும் சிலர் பெட்டியில் இருக்கும். ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி. பிடி பெரும்பாலும் பீச் மரம். ஒரே துண்டில் பிளவு அறுத்து அலகை அதற்குள் இறக்கியிருப்பார்கள். ஈரம் பட்டால் மரம் ஊதும், பிளவு இறுகும், அலகு வெளியே வர மறுக்கும். அந்த ஊரார் இதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு தலைநீட்டும்.

இங்குள்ள வில்லுக்கத்தியின் கட்டு வேறு. நடுவில் இரும்பு வில், இருபுறமும் இரண்டு மெல்லிய மரத்தட்டு, குறுக்கே ஆணி. மரம் ஊதினாலும் அலகைப் பிடிக்காது. ஆனால் சுருங்கும்போது ஆணி விட்டுக்கொடுக்காது, தட்டு வெடித்துவிடும். மாரியில் ஊறி, சோளகத்தில் காயும் ஊர்காவற்றுறைக் காற்றுக்கு எந்த மரம் தாக்குப்பிடிக்கும் என்பதே கேள்வி.

உடனே கருங்காலி என்பார்கள். அழகுதான். ஆனால் அது வன்னிக் காட்டு மரம், வெட்டச் சட்டமும் விடாது. முதிரையும் பாலையும்கூடக் கடல் கடந்துதான் வரவேண்டும். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். நெடுந்தீவின் பெருக்குமரத்தைக் காட்டி ஆசைப்படுகிறவர்களும் உண்டு. படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அத்தனை பருமனும் நீர் ஊறிய பஞ்சு.

வேம்பு கடலுக்குப் பயந்த மரமல்ல. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் கப்பலுக்குச் சரியான மரம் விரல் நீளத் தட்டுக்கும் சரியாக வேண்டுமென்றில்லை. வேம்பின் நார் பின்னி ஓடும். சீவுளி வழுக்கிப் போகாமல் பிய்த்துக்கொண்டு போகும்.

பனையின் வெளிப்புறம் இரும்பு, உட்புறம் சோறு. கருநார் ஓடும் அந்த வெளிப்புறத்தை மினுக்கினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மெல்லிய தட்டாக்கி ஓரத்தில் துளையிட்டால் நாரோடு நாராகப் பிளக்கும். அரிவாளுக்கும் உளிக்கும் முழுப் பிடியாகப் போடுங்கள், குறை சொல்லமாட்டேன்.

என் தீர்ப்பு பூவரசுக்கு. வேலியில் கதியாலாக நிற்பதால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை. வண்டிச் சில்லுக்குப் போன மரம் இது. முதிர்ந்த அடிமரத்தின் வைரம் கபில நிறத்தில், நெருங்கிய நாரோடு, கொஞ்சம் எண்ணெய்ப்பிடிப்போடு இருக்கும். வெளிறிய மேல்மரத்தைக் கழித்துவிட வேண்டும், அது உளுக்கும். பலகையாக அறுத்து, இரு தலைப்பிலும் மெழுகோ சாணியோ பூசி, நிழலில் விடுங்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. வெயிலில் வைத்து அவசரப்பட்டால் தலைப்பு வெடித்து வாய் பிளக்கும். தட்டை நாரின் நீளப்போக்கிலேயே அறுக்கவேண்டும். மரம் நீளத்தில் அசைவதே அருமை, குறுக்கேதான் ஊதிச் சுருங்கும். துளை ஆணியைவிட மயிரளவு தாராளமாக இருக்கட்டும். ஆணி பித்தளை, உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறி மரத்தையும் கறுக்கவைக்கும். அரத்தாள் போட்டபின் தேங்காயெண்ணெய் பூசுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அது உலராது, தூசியைத்தான் சேர்க்கும். ஆளி எண்ணெய் மெல்லப் பூசி, காயவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும்.

இப்போது வேலியெல்லாம் மதிலாகிறது. பூவரசைத் தறிக்கிறவர்களே, அடிமரம் முழுவதையும் அடுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு முழத் துண்டையாவது ஊர் ஆசாரியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.