எதற்கு என்று கேட்பாரில்லை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் இன்று இருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: ஆபீஸ் நண்பர்களிடம் யோசனை கேட்டு ஒரு செல்போன் வாங்கிப் பார்!

நான் கேட்டேன். கேட்டது என் குற்றந்தான், ஒப்புக்கொள்கிறேன். நாலு வருஷமாக என்னோடு உழைத்து வந்த போன், மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் சோர்ந்து கண்ணை மூட ஆரம்பித்தது. எங்கள் பத்திரிகை ஆபீஸில் இருக்கும் இளைஞர்களுக்கு இந்தச் சங்கதிகளெல்லாம் அத்துபடி. சாப்பாட்டு வேளையில், “புதிதாக ஒரு போன் வாங்கலாமென்று பார்க்கிறேன். எதை வாங்கலாம்?” என்று வாயைத் திறந்துவிட்டேன்.

அவ்வளவுதான். சாப்பாடு பாதியில் நின்றது. “சார், காமிரா 200 மெகாபிக்ஸலுக்குக் குறைந்தால் தொடாதீர்கள்” என்றார் ஒருவர். “காமிரா கிடக்கட்டும், பிராஸஸர்தான் உயிர்” என்றார் இன்னொருவர். திரை விநாடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளாத போனை மனிதன் கையால் தொடுவானா என்பது மூன்றாமவர் கட்சி. அரை மணி நேரம் வாதப் பிரதிவாதம் நடந்தது. அந்த அரை மணியில் ஒருவராவது, “சார், போன் உங்களுக்கு எதற்கு?” என்று கேட்கவில்லை.

எதற்கு? ஊரிலிருக்கும் தாயாரோடு பேச. வெளியூரில் படிக்கும் மகளின் முகத்தைப் பார்க்க. காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்ப. பஸ்ஸில் போகும்போது தோன்றுகிற ஒரு வரியை மறந்துபோகாமல் குறித்து வைக்க. இவற்றில் எதற்கு ஐயா 200 மெகாபிக்ஸல்?

விசாரித்துப் பார்த்தேன். அந்த 200 மெகாபிக்ஸல் காமிரா, சாதாரணமாகப் படமெடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்ஸல் படமாகத்தான் தருகிறது. எட்டுக்குப் பத்து அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்குப்படி ஒரு படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்ட 7.2 மெகாபிக்ஸல் போதும். தூரத்துக் காட்சியை வெட்டிப் பெரிதாக்கிப் பார்க்கும் தொழில் உள்ளவருக்கு 200 வேண்டியிருக்கலாம். பேத்தியின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் என் தாயாருக்கு வேண்டாம்.

இந்த நண்பர்கள் கெட்டவர்களல்லர். வரும்படிக்காகச் சொல்பவர்களுமல்லர். ஆனால் அவர்கள் செய்வதற்கு யோசனை சொல்லுதல் என்று பெயரில்லை. தங்கள் ஆசையை அடுத்தவன் பையிலிருந்து நிறைவேற்றிக்கொள்வது என்று பெயர். இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாந்தான். ஆனால் ஒரு காரியம் என் மனத்தை உறுத்துகிறது.

எங்கள் ஆபீஸில் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, காகிதக் கட்டுகளைத் தூக்கிச் சுமக்கும் உதவியாளர் ஒருவர் உண்டு. சென்ற வருஷம் அவரும் இதே மேஜையில் இதே கேள்வியைக் கேட்டார். அவர் மனத்தில் வைத்திருந்தது 9,000 ரூபாய்ப் போன். எழுந்தபோது 36,000 ரூபாய்ப் போன் நிச்சயமாகியிருந்தது. “வட்டியில்லாத் தவணைதானே, அண்ணே! மாசம் மூவாயிரம்” என்றார்கள். பன்னிரண்டு மாதம். ஆறாவது மாதம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் கணக்கரிடம் முன்பணம் கேட்டு நின்றார். சட்டைப் பையில் அந்தப் போன் பளபளத்தது. அதில் அவர் செய்வதெல்லாம் பேசுவதும் முருகன் பாட்டுக் கேட்பதுந்தான். யோசனை சொன்னவர்களில் ஒருவரும் தவணை நாளன்று பக்கத்தில் இல்லை. நானும் அன்று அந்த மேஜையில்தான் இருந்தேன். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த நினைவு வந்ததால்தான் கடைக்குப் போகாமல் ரிச்சி தெருவுக்குப் போனேன். படிக்கட்டடியில் ஒரு மேஜையும் விளக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பழுது பார்ப்பவர், என் போனைக் கையில் வாங்கியதும் கேட்டார்: “இதுலே உங்களுக்கு என்ன சார் கொறை?” ஆகா! இந்த உலகத்தில் ஒரு மனிதராவது கேட்டாரே! சொன்னேன். “போனுக்கு ஒண்ணுமில்லே சார். பாட்டரிதான் கிழமாயிடுச்சு” என்றார். 1,800 ரூபாய், நாற்பது நிமிஷம். இப்போது இரவு பத்து மணி வரையில் விழித்திருக்கிறது.

இது என் ஒருவன் கதையல்ல. பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு 2018ஆம் ஆண்டுக்குப் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. அதற்கு முன்பு, போன் கிழமாகிவிட்டதென்று நம்பிப் புதிது வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பாட்டரி போதுமானதாக இருந்திருக்கும்!

“பழசையே கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீரா?” என்று கேட்கலாம். இல்லை. கம்பெனி பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்ட போனில் பணப் பரிமாற்றம் செய்வது அபாயம். புதிது வாங்க அது நியாயமான காரணம். அப்படியானால் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, ‘இதற்கு எத்தனை வருஷம் திருத்தங்கள் வரும்?’ என்பதல்லவா? 2023இல் கூகுள் தன் பிக்ஸல் 8க்கும், 2024இல் சாம்சங் தன் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது: விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் மென்பொருள் திருத்தங்கள் கிடைக்க வேண்டும், ஏழு வருஷம் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், 800 தடவை முழுக்கச் சார்ஜ் ஏற்றித் தீர்த்த பிறகும் பாட்டரியில் 80 சதவீதம் சக்தி நிற்க வேண்டும். எங்கள் மேஜையில் அரை மணி நேரம் முழங்கிய நிபுணர்களில் ஒருவர் வாயிலும் இந்த வருஷக் கணக்கு வரவில்லை. புதிது என்பதுதான் அவர்களுக்குக் குணம். நீடிப்பது ஒரு குணமாகவே தெரியவில்லை.

நண்பர்களே, உங்கள் அறிவை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்ன எண்களெல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் நாளை இன்னொருவர் அந்த மேஜைக்கு வந்து, எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்பார். அவருடைய வருமானமும் உங்களுக்குத் தெரியும், வீடும் தெரியும். முதலில் ‘எதற்கு?’ என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு யோசனை சொல்லுங்கள். பல சமயம் சொல்லவே வேண்டியிராது. ரிச்சி தெருவுக்கு வழி காட்டினால் போதும்.

நீங்கள் கேட்காவிட்டால், இந்தத் தடவை நான் கேட்பேன்.