திருநீறு பூசின முகம் கொட்டேஷன் ஆகாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

வீட்டு முன்னால கார் நிறுத்துற இடத்துக்கு சிமெண்ட் போடணும், கல் பதிக்கணும்னா நம்மில் பல பேர் முதல்ல என்ன செய்றோம்? வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு சாப்பிட உட்காரும்போது பக்கத்துல இருக்கிறவர்கிட்ட, "நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்கிறோம். அவரும், "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், கோவிலுக்குத் தவறாம வருவார், நம்பிக் கொடுக்கலாம்"னு ஒரு நம்பர் கொடுக்கிறார். அவ்வளவுதான். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. பாதிக்கு மேல பணம் முன்கூட்டியே போயிடுது.

கணவர் இல்லாத ஒரு அக்கா, இபிஎஃப் பணத்துல இருந்து 9,000 வெள்ளி இப்படித்தான் கொடுத்தாங்க. பழைய தரையை உடைச்சுப் போட்டாங்க. ஒரு லோரி மண் வந்து இறங்கிச்சு. அதுக்கப்புறம் அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. பணம் போனது ஒரு பக்கம். நல்லது நினைச்சு நம்பர் கொடுத்தவருக்கும் அந்த அக்காவுக்கும் இப்போ பேச்சு இல்லை. அந்த அக்கா வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. எனக்கு வயிறு எரியறது இதுக்காகத்தான்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கோவில் திருப்பணின்னா மூணு கொட்டேஷன் எங்கேன்னு கேட்கிறோம். பொதுக்கூட்டத்துல எழுந்து நின்னு கணக்கு கேட்கிறோம். 10 வெள்ளி நன்கொடைக்கு ரசீது கேட்டு வாங்கறோம். சொந்த வீட்டுல 9,000 வெள்ளி கொடுக்கும்போது மட்டும் "கேட்டா தப்பா நினைச்சுக்குவார்"னு வாயை மூடிக்கிறோம். இது என்ன நியாயம்?

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். ஒரு பெட்டி போல்ட் உள்ளே வரணும்னாலும் பி.ஓ. வேணும், டி.ஓ. வேணும், எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். சப்ளையர் 20 வருஷப் பழக்கமா இருந்தாலும் அதே முறைதான். அதை யாரும் சந்தேகம்னு நினைக்கறது இல்லை.

பழக்கத்தை நம்பினா இன்னொரு நஷ்டமும் இருக்கு. முக்கியமான கேள்வியைக் கேட்க விட்டுடறோம். "என்ன கலர்? எவ்வளவு?" இந்த ரெண்டைத்தான் கேட்கிறோம். அடியில என்ன போடறாங்கன்னு யாரும் கேட்கறது இல்லை.

நம்ம கிள்ளான்ல பல இடம் கடலோரக் களிமண் பூமி. மிருதுவான மண். பாரம் ஏற ஏற மெல்ல மெல்ல அமுங்கும். வீடு பைலிங் மேல நிக்குது, அது அசையாது. கார் நிக்கிற தரை வெறும் மண் மேல கிடக்கு, அது இறங்கும். அதனாலதான் வாசப்படிக்கும் தரைக்கும் நடுவுல பிளவு விழுது. "பழசு மேலேயே இன்னொரு அடுக்கு ஊத்திடலாம், செலவு குறைவு"ன்னு ஒருத்தர் சொன்னா ஒத்துக்காதீங்க. பாரம் கூடும், இன்னும் வேகமா இறங்கும்.

கேட்க வேண்டியதைக் கேளுங்க. பழசை உடைச்சு எடுப்பீங்களா? க்ரஷர் ரன் எத்தனை இன்ச் போட்டு மெஷின்ல இறுக்குவீங்க? கான்கிரீட் 4 இன்ச்சா, 5 இன்ச்சா? பிஆர்சி கம்பி வலையை மண்ணுல கிடத்தாம, அடியில கட்டை வெச்சுத் தூக்குவீங்களா? வீட்டுச் சுவரோட ஒட்டாம இடைவெளி விடுவீங்களா? 8, 10 அடிக்கு ஒரு வெட்டு போடுவீங்களா? தண்ணி லோங்காங்குக்கு ஓட, 10 அடிக்கு 2 இன்ச்சுக்குக் குறையாம சரிவு இருக்குமா? ஊத்தின பிறகு 7 நாள் ஈரம் காயாம யார் பார்த்துக்குவாங்க? ரெடிமிக்ஸ் லோரி வந்தா டி.ஓ.வை வாங்கிப் பாருங்க, கான்கிரீட் கிரேடு அதுல இருக்கும்.

மேல போடறதும் அப்படித்தான். பளபளன்னு இருக்கிற டைல்ஸ் மழையில வழுக்கும். வீட்டுல வயசானவங்க இருந்தா சொரசொரப்பானதா, ஆர்11 மாதிரி வழுக்காத ரகமா கேளுங்க. இறங்கற மண்ணுக்கு இன்டர்லாக் கல் நல்லதுன்னு நான் சொல்வேன். தரை அமுங்கினா கல்லை எடுத்து, அடியைச் சரி பண்ணி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட்டை உடைக்கத்தான் வேணும்.

இதையெல்லாம் பேச்சுல விடாம தாள்ல எழுதி வாங்குங்க. குத்தகையாளர் சிஐடிபியில பதிஞ்சிருக்கணும், இது 1994-ஆம் ஆண்டு சட்டம். ஆகக் குறைந்த பதிவு ஜி1. அதுகூட இல்லாதவர்கிட்ட ஏன் இல்லைன்னு கேளுங்க. பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்க: தொடங்க கொஞ்சம், அடி இறுக்கி வலை விரிச்ச பிறகு கொஞ்சம், ஊத்தின பிறகு கொஞ்சம். ஒரு மழை பெய்ஞ்சு தண்ணி எங்கே தேங்குதுன்னு பார்த்த பிறகு மிச்சம்.

ஏமாந்துட்டா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 3 வருஷத்துக்குள்ள போகணும். ஆனா அங்கே போய் "கோவில்ல பழக்கம்"னு சொன்னா எடுபடாது. தாள் இருக்கான்னுதான் கேட்பாங்க.

"அப்போ நம்ம பையன்களுக்கு வேலை கொடுக்காதேன்னு சொல்றீங்களா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். இல்லண்ணே. கொடுங்க, முதல்ல அவங்களுக்கே கொடுங்க. ஆனா தாளோட கொடுங்க. வேலை முடிஞ்ச பிறகு "நம்ம பையன்தானே"ன்னு கடைசி 2,000 வெள்ளியை இழுத்தடிக்கிற வீட்டுக்காரங்களும் நம்மகிட்ட இருக்காங்க. தாள் அந்தப் பையனையும் காப்பாத்தும். ஒழுங்கா வேலை செய்றவன் எழுதிக் கொடுக்கப் பயப்பட மாட்டான். "என்மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு முறைக்கிறவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

நம்பர் கொடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "கோவிலுக்கு வருவார்"னு சொல்லாதீங்க. அவர் வேலை செஞ்ச ரெண்டு வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க. கோவில் நாம சாமி கும்பிடற இடம். அதை யாருடைய வியாபாரத்துக்கும் ஜாமீனா நிறுத்தாதீங்க.

வீடு கட்டறவங்க, வாசல் மாத்தறவங்க உங்க குடும்பத்துல இருந்தா இதைப் பகிருங்க.